கூரை ஒழுகுதா, இல்ல கூரையை உப்பு திங்குதா? கடலோரத்துப் பழைய வீட்டை ஒட்டுப்போடவா, பிரிச்சுப் போடவான்னு கண்டுபிடிக்கிற வழி

போன ஐப்பசி மழையில எங்க அடுப்படி சீலிங்குல இருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு பேந்து கிரைண்டர் மூடி மேல விழுந்துச்சு, நல்லவேளை அம்மா அப்பத்தான் வாசலுக்குப் போயிருந்துச்சு. எங்க வீடு ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளிக்குக் கிழக்க, கடலுக்கு நடந்தா பத்து நிமிஷம். முன்பக்கம் ஐயா (தாத்தா) காலத்து சீமை ஓட்டு வீடு, அதாவது மங்களூர் ஓடு, 70 வருஷம் இருக்கும். பின்பக்கம் அப்பா துபாய்ல இருந்து வந்து 1991-ல போட்ட கான்கிரீட் தளம், அடுப்படியும் ஒரு ரூமும். சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், அந்தப் பழைய ஓட்டைப் பிரிச்சுத் தள்ளிட்டு கான்கிரீட்டுக்கு ஒரு பூச்சு பூசிருங்கன்னு. ஏறி இறங்கி தட்டிப் பாத்து கடைசியில முடிவானது நேர் எதிர். ஓட்டைச் சரி பண்ணியாச்சு, கான்கிரீட்டு போகப்போகுது.

ஏன்னா நம்ம பக்கம் கூரைக்கு வர்றது ரெண்டு நோய். ஒண்ணு மேல இருந்து தண்ணி இறங்குறது, அது ஒழுகல், அதுக்கு மருந்து உண்டு. இன்னொண்ணு உள்ள இருக்குற கம்பியை உப்பு திங்குறது, அதுக்கு மேல பூசுற எந்த மருந்தும் கேக்காது. எவ்வளவு தண்ணி சொட்டுதுன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்க வீட்டுக்கு எந்த நோய்னு பாருங்க. கீழ ஒவ்வொரு அறிகுறியா எழுதுறேன், உங்க வீட்டுக் கூரை எதுவோ அதை மட்டும் படிச்சாக்கூட போதும்.

மழையே இல்ல, ஆனா சீலிங்குல ஈரம்

சித்திரை வைகாசியில ஈரம் தெரிஞ்சா கூரையை விட்டுருங்க, மேல இருக்குற டேங்க்கு, அதுல இருந்து இறங்குற பைப்பு, மாடி பாத்ரூம் இதுல ஏதாவது ஒண்ணுதான். டேங்க்கை ஒரு ராத்திரி ரொப்பி, வால்வை மூடி, தண்ணி மட்டத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு காலையில பாருங்க. எங்க தெருவுல ஒருத்தர் இதைப் பாக்காம மாடி முழுக்க கெமிக்கல் அடிச்சாரு, கடைசியில பாத்தா டேங்க் அடியில ஒரு எல்போ லீக்.

சீமை ஓடு: காத்தோட மழை அடிச்சா மட்டும் ஒழுகுது

நேரா பெய்யுற மழையில ஒழுகாம, வாடைக் காத்துல சாய்ச்சு அடிக்கும்போது மட்டும் வடக்கு கிழக்கு பக்கமா சொட்டினா அது ஓடு நகந்ததுதான், நூத்துக்குத் தொண்ணூறு தடவை. ஆடியில கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து, போட்டு ஆட்டுன ஆட்டுல ஓடு ஒரு விரக்கடை கீழ இறங்கியிருக்கும், அது அப்பத் தெரியாது, ஐப்பசியிலதான் தெரியும். மத்தியானம் உச்சி வெயில்ல வீட்டுக்குள்ள லைட்டை அணைச்சிட்டு அண்ணாந்து பாருங்க, எங்கெல்லாம் வெளிச்சம் ஊசியா இறங்குதோ அங்கெல்லாம் ரீப்பர்ல, அதாவது ஓடு உக்கார்ற குறுக்குச் சட்டத்துல, சாக்பீஸ்ல ஒரு குறி. இது இலவச டெஸ்ட்டு, எந்த இன்ஜினியரும் வேணாம்.

ஓட்டை எடுத்து விரல் முட்டியால தட்டுங்க. டிங்குனு வெண்கலப் பானை மாதிரி சத்தம் வந்தா இன்னும் உங்க பேரன் காலம் வரைக்கும் கிடக்கும். பொத்துனு கேட்டா உள்ள கீறல். கடலைப் பாத்த பக்கத்து ஓடு சிலது அடிப்பக்கம் மாவு மாவா உதிரும், உப்பு உள்ள போய் காஞ்சு காஞ்சு பொரிஞ்சது, அதை மாத்தித்தான் ஆகணும். மாத்தும்போது ஓட்டுக்கு அடியில குத்தியிருக்குற கம்பெனி முத்திரையைப் பாத்து அதே முத்திரை பழைய ஓடா தேடி வாங்குங்க. ஒரு கம்பெனி ஓட்டுப் பள்ளத்துல இன்னொரு கம்பெனி ஓட்டு வரப்பு சரியா உக்காராது, அந்த இடைவெளியிலதான் திரும்பவும் ஒழுகும். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 150 ஓடு வரும், பத்து இருபது கூடவே வாங்கி சுவத்துல சாச்சு வச்சுக்கிறது நல்லது.

முகட்டு ஓட்டுல பூசியிருக்குற காரை வெடிச்சிருந்தா பழசை முழுசா கொத்தி எடுத்துட்டு பூசணும், வெடிப்பு மேல சும்மா சிமென்ட் தடவுனா ஒரே வெயில்ல உரிஞ்சிரும். ஓட்டு மேல ஓரத்துலயும் நடுவுலயும் பட்டை பட்டையா காரை போட்டிருப்பாங்க பாருங்க, அது அழகுக்கு இல்ல, காத்து ஓட்டைத் தூக்காம இருக்க போட்ட கனம். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியை கடல் கொண்டுபோன புயலைப் பாத்தவங்க கட்டுன வீடுகள்ல இந்தப் பட்டை தடிமனாவே இருக்கும். அதைக் கொத்தி எடுத்துட்டு திரும்பப் போடாம விட்ராதீங்க.

இதெல்லாம் ரிப்பேர்தான். ஓடு ஒழுகுதுன்னு கூரையையே பிரிக்கணும்னு யாராவது சொன்னா அவரு ஷீட்டு விக்கிறவரான்னு மட்டும் விசாரிங்க.

ஓடு நல்லா இருக்கு, கூரை வளைஞ்சிருக்கு

இது மரத்துப் பிரச்சினை, கொஞ்சம் யோசிக்கணும். தெருவுல நின்னு முகட்டைப் பாருங்க, நேர்கோடா இருக்கா, இல்ல கழுதை முதுகு மாதிரி நடுவுல குழிஞ்சிருக்கா. உள்ள ஏணி போட்டு ஒவ்வொரு கைமரத்தையும் (முகட்டுல இருந்து சுவருக்குச் சாய்வா இறங்குற மரம்) ஸ்க்ரூ டிரைவரால குத்துங்க, முக்கியமா சுவத்துக்குள்ள போற முனையில, ஏன்னா ஈரமும் கரையானும் அங்கதான் முதல்ல உக்காரும். நம்ம பக்கம் பாதி வீட்டுல பனங்கைதான், அதாவது பனை மரத்துல அறுத்த கைமரம். வைரம் பாஞ்ச கருப்புப் பனங்கையில ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிட்டுப் போகும், சோறு பாஞ்சதுல, அதாவது வைரம் இல்லாம மெத்துனு இருக்குறதுல, வெண்ணெய் மாதிரி இறங்கும். எங்க வீட்டுல 18 கையில 3 தான் முனை போயிருந்துச்சு. அந்த மூணை மட்டும் ஓடு இறக்கி மாத்துனோம்.

என் கணக்கு இதுதான்: மூணுல ஒரு பங்கு கைக்கு மேல போயிருந்தா முழுசா பிரிச்சிருங்க, ஏன்னா அத்தனை மரத்தை மாத்த எப்படியும் எல்லா ஓட்டையும் இறக்கத்தான் போறீங்க, கூலி ஒண்ணுதான். அதுக்குக் கம்மின்னா மாத்துங்க. முகட்டு வளையோ நடு உத்தரமோ போயிருந்தா எண்ணிக்கை எல்லாம் பாக்க வேணாம், முட்டு குடுத்துட்டு ஆசாரியைக் கூப்பிடுங்க.

ஒண்ணு, யாரும் பாக்காதது, ஆணி. ரீப்பர் கல்லு மாதிரி இருக்கும், அதைப் புடிச்சிருக்குற இரும்பு ஆணி துருப்பிடிச்சு ஊசி மாதிரி ஆயிருக்கும், கையால தட்டுனா ரீப்பர் எழும்பி வரும். அப்ப மரத்தை மாத்த வேணாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டு திரும்ப இறுக்குனா போதும். நாங்க மூணு நாள்ல முடிச்சோம்.

ஓட்டை எடுத்துட்டு அதே சுவத்து மேல கான்கிரீட் போடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க, நாங்களும் கேட்டோம். 5 இன்ச் தளம்னா 100 சதுர அடிக்கு கிட்டத்தட்ட 3 டன் கனம். ஓடும் மரமும் சேந்து அதுல கால்வாசி கூட வராது. ஐயா காலத்து சுவரு பாதி பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும், சில இடத்துல மண் சாந்து. அது ஓட்டைத் தாங்கக் கட்டுனது. தளம் போடணும்னா தனியா தூண் எழுப்பித்தான் போடணும், அப்ப அது கூரை மாத்துறது இல்ல, புது வீடு.

காரை வீடு, அதாவது மரக்கட்டை மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ்

கீழக்கரை, தொண்டி பக்கம் இன்னும் நிறைய இருக்கு. மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சு மெதுவா ஈரம் கசிஞ்சு வந்தா மேல பதிச்ச தட்டோட்டுச் (தட்டை ஓடு) சந்து போயிருச்சு, சுண்ணாம்பு ஜல்லி தண்ணி குடிக்குதுன்னு அர்த்தம். சந்தைக் கொத்தி சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்) வச்சு நிரப்பணும். பழைய ஆளுக கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேப்பாங்க. இது மேல தடியா சிமென்ட் பூசாதீங்க, கீழ சுண்ணாம்பு மெல்ல அசையும், மேல சிமென்ட் அசையாது, வெடிச்சு தண்ணியை உள்ளயே பூட்டி வச்சு கட்டையை மக்க வச்சிரும். கட்டையோட சுவர் முனை நல்லா இருக்குற வரைக்கும் இந்தக் கூரையை இடிக்கக் காரணமே கிடையாது, ஏன்னா உள்ள இரும்பு இல்ல. உப்புக்கு அங்க திங்க ஒண்ணும் இல்ல.

கான்கிரீட் தளம்: மழைக்கு நனைஞ்சு, வெயிலுக்குக் காஞ்சு, கறை மட்டும் மஞ்சளா நிக்குது

இது வரைக்கும் பயம் இல்ல. மொட்டை மாடியில தண்ணி எங்க தேங்குதுன்னு பாருங்க, கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையைப் பாருங்க, மழைத்தண்ணி போற பைப்பு வாயைப் பாருங்க, அதுல வேப்ப இலை அடைச்சிருக்கும். சந்தேகம்னா மண்ணால சின்ன வரப்பு கட்டி ரெண்டு இன்ச் தண்ணி ஒரு நாள் நிறுத்துங்க, கீழ எந்த இடத்துல வருதோ அதுதான் இடம். 2024 நவம்பர் 20 அன்னைக்கு ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி நாள்ல ஒழுகுனதை வச்சு எந்தக் கூரையையும் குறை சொல்லக்கூடாது, அன்னைக்கு வாசத் தண்ணியே வீட்டுக்குள்ள வந்துச்சு. சாதாரண அடைமழைக்கு ஒழுகுனா வாட்டத்தைச் சரி பண்ணி, மூலையில வளைச்சுப் பூசி, தட்டோடு போட்டா தீந்துச்சு.

வெள்ளையா பூத்துருக்கு

சீலிங்குல வெள்ளைப் பொடி பூத்தா தண்ணி கான்கிரீட்டுக்குள்ள நடந்து வருதுன்னு அர்த்தம், வரும்போது சுண்ணாம்பையும் உப்பையும் கரைச்சு எடுத்துட்டு வருது. இன்னைக்கு ரிப்பேர் பண்ணுற நிலைதான். ஆனா தள்ளிப்போட்டா அடுத்த அறிகுறிக்குப் போயிரும்.

பிரவுன் கலர்ல நேர்கோடு

இங்கதான் உக்காந்து படிங்க. கறை வட்டமா, தேசப்படம் மாதிரி இருந்தா தண்ணி. கறையோ வெடிப்போ ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா, ஒரு அரை அடி விட்டு இன்னொண்ணு அதே மாதிரி நேரா ஓடுனா, அது தண்ணி போட்ட கோடு இல்ல, உள்ள இருக்குற கம்பி தன்னைத்தானே வரைஞ்சு காட்டுது. இரும்பு துருவாகும்போது ரெண்டுல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் வீங்கும், வீங்குன துரு அடியில இருக்குற கான்கிரீட்டைக் கீழ தள்ளும், அதான் வெடிப்பு கம்பி போற வழியிலயே போகுது.

ஏன் நம்ம ஊருல இவ்வளவு சீக்கிரம்? காத்துல இருக்குற உப்பு ஒரு காரணம். காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையம் துருப்பிடிக்கிறதை ஆராயுறதுக்குன்னே மண்டபத்துல ஒரு நிலையம் வச்சிருக்குன்னா நம்ம காத்து எப்படிப்பட்டதுன்னு பாத்துக்குங்க. புது பாம்பன் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டிருக்காங்க. ஆனா 80, 90-கள்ல போட்ட வீடுகளுக்கு அதைவிட பெரிய காரணம், உப்பு வெளிய இருந்து வரல, கலக்கும்போதே உள்ள போட்டாச்சு. அப்ப காவிரித் தண்ணியும் கிடையாது, லாரித் தண்ணிக்குக் காசும் கிடையாது. கொல்லைக் கிணத்துத் தண்ணியில கலக்கி, அதே தண்ணியில நனைச்சாங்க, மணல் கடலோரத்து மணல். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு (உப்போட ஒரு பகுதி) இருக்கக்கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்லுது, கடல் தண்ணியில அது 19,000 கிட்ட. கிணறு நடுவுல எங்கயோ. வாயில வச்சா கரிச்ச தண்ணியைத்தான் ஊத்துனோம்னு அப்பாவே சொல்லுறாரு.

நல்ல கான்கிரீட்டுல சிமென்ட்டோட காரத்தன்மை கம்பிக்கு ஒரு தோல் மாதிரி பாதுகாப்பு குடுக்கும். குளோரைடு அந்தத் தோலை ஓட்டை போடுது. அதனால மேல நீங்க வாட்டர்ப்ரூஃப் அடிச்சு ஒரு சொட்டு இறங்காம செஞ்சாலும், உள்ள ஏற்கனவே இருக்குற உப்பும், கடக்காத்து ஈரமும் போதும், துரு நிக்காது. எங்களுக்கு ஒரு வாட்டர்ப்ரூஃபிங் ஆளு பத்து வருஷம் கேரண்டின்னு சொல்லி மாடி முழுக்க வெள்ளையா பெயின்ட் அடிச்சாரு. ஒழுகல் நெஜமாவே நின்னுச்சு, அதை மறுக்கல. அடுத்த வருஷம்தான் சில்லு விழுந்துச்சு.

தட்டுனா டொப்புனு கேக்குது, சில்லு விழுந்து கம்பி தெரியுது

ஒரு மூங்கில் கம்பு எடுத்து சீலிங் முழுக்க அரை அடிக்கு ஒரு தட்டு தட்டுங்க, தலையில துண்டோ ஹெல்மெட்டோ போட்டுக்கிட்டு. கணீர்னு கேட்ட இடம் நல்லது. டொப்புனு கேட்ட இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. முடிச்சுட்டு கீழ படுத்து அண்ணாந்து பாருங்க. எங்க அடுப்படியில வட்டம் போட்டு முடிச்சப்ப சீலிங்குல பாதிக்கு மேல வட்டம்தான், வெளிய தெரிஞ்ச ஓட்டை ஒரே ஒரு தட்டு சைஸ்.

அப்புறம் தெரியுற கம்பியை கம்பி பிரஷ்ஷால நல்லா தேச்சு துருவை உதுத்துட்டு கேலிப்பர்ல அளங்க. எங்க கம்பி 8 எம்எம், தேச்சப்புறம் 6 தான் நின்னுச்சு. ரெண்டு எம்எம் தானேன்னு அம்மா கேட்டுச்சு. விட்டத்துல ரெண்டு குறைஞ்சா குறுக்குப் பரப்புல 44 சதவீதம் போச்சு, பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மிச்சம், அந்த மிச்சம்தான் தலைக்கு மேல தளத்தைப் புடிச்சுட்டு இருந்துச்சு.

கொத்தனார் அண்ணன் பாத்துட்டு, "தம்பி, பூசுறேன்னா பூசிருவேன், கூலி வாங்கிட்டுப் போயிருவேன், ரெண்டு வருஷத்துல பக்கத்துல பேந்து நீ என்னையத்தான் திட்டுவ"ன்னாரு. அதுல விஷயம் இருக்கு. உப்பேறுன கான்கிரீட்டுல ஒரு இடத்தை மட்டும் கொத்தி புதுசா பூசுனா, அந்த இடத்துக் கம்பி நின்னுரும், ஆனா ஒட்டுக்குச் சுத்தி இருக்குற பழைய இடத்துக் கம்பி முன்னைவிட வேகமா துருப்பிடிக்கும். பேட்டரி மாதிரிதான், ஒரு முனையைக் காப்பாத்துனா இன்னொரு முனை தேயும். அதான் எல்லா வீட்டுலயும் ஒட்டுக்குப் பக்கத்துலயே அடுத்த சில்லு விழுது.

அதனால என் எல்லைக்கோடு இப்படி. டொப்புச் சத்தம் ஒண்ணு ரெண்டு இடத்துல, அதுவும் பாத்ரூமுக்குக் கீழ, பைப்பு மூலையிலன்னு காரணம் தெரிஞ்ச இடத்துல மட்டும் இருந்து, கம்பி முக்கால்வாசிக்கு மேல மிச்சம் இருந்தா ஒட்டுப்போடுங்க. ஒழுங்கா போடணும்: கம்பிக்குப் பின்னாடி ஒரு இன்ச் வரைக்கும் கொத்தி, கம்பியைச் சுத்தி முழுசா தேச்சு, துத்தநாக பிரைமர் அடிச்சு, பாலிமர் கலந்த கலவையால நிரப்பணும். வெறும் சிமென்ட் மணல் பூச்சு மேக்கப்புதான். டொப்புச் சத்தம் மூணுல ஒரு பங்குக்கு மேல இருந்தாலோ, காரணமே இல்லாத இடத்துல பரவலா இருந்தாலோ, முன்ன போட்ட ஒட்டு ரெண்டு மூணு வருஷத்துல விழுந்திருந்தாலோ காசை ஒட்டுக்குப் போடாதீங்க.

நடுவுல தொங்குதான்னு பாக்க எதிரெதிர் சுவத்துல சீலிங்கை ஒட்டி நூல் கட்டிப் பாருங்க. 12 அடி ரூம்ல அரை இன்ச்சுக்கு மேல தொங்குனா இன்ஜினியர் வந்து பாக்காம அந்த ரூம்ல படுக்காதீங்க. சில தளம் போடும்போதே சென்ட்ரிங் இறங்கி தொங்கலாவே உறைஞ்சிருக்கும், அதனால வெடிப்பு மேல சின்ன கண்ணாடிச் சில்லை சிமென்ட்டால ஒட்டி வைங்க, கண்ணாடி உடைஞ்சா வெடிப்பு இன்னும் நகருதுன்னு அர்த்தம். எந்தப் பக்கம் முடிவு எடுத்தாலும் அது வரைக்கும் ஜாக்கியோ சவுக்கு முட்டோ குடுத்து வைங்க.

சன்ஷேடு, பால்கனி

இதுக்கு தனி விதி. தளத்துல கம்பி அடியில இருக்கும், சில்லு விழுந்து எச்சரிக்கும். சன்ஷேடுல பாரம் தாங்குற கம்பி மேல்பக்கம் இருக்கு, மேல வெடிப்புல தண்ணி நின்னு கம்பி அத்துப்போனா சொல்லாம கொள்ளாம மொத்தமா விழும். சுவரை ஒட்டி மேல்பக்கம் நீளமா வெடிப்பு பாத்தா அடியில பைக் நிறுத்தாதீங்க, பிள்ளைகளை நிக்க விடாதீங்க. ஒட்டு வேணாம், வெட்டி எடுத்துட்டு ஷீட்டு போட்டுக்கலாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு

ஒழுகுனா முதல்ல ஜே போல்ட்டைப் பாருங்க, வாஷர் செத்துப்போய் போல்ட் துருப்பிடிச்சிருக்கும், அதை மாத்துனா போதும். ஷீட்டே கீறுனா அல்லது பாசி புடிச்சு நார் நாரா தெரிஞ்சா மாத்திருங்க. மேல கால் வச்சு நடக்காதீங்க, உடைஞ்சு உள்ள விழுந்தவங்க உண்டு. அறுக்காம, ஓட்டை போடாம, தண்ணி தெளிச்சு முழுசா இறக்குங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். புதுசுக்கு அலுமினியம் ஷீட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் நம்ம காத்துக்குக் கொஞ்ச காலம் கூட நிக்கும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல ரப்பர் வாஷர் கட்டாயம்.

பிரிக்கிறதுன்னு முடிவானா

தை பிறந்ததும் ஆரம்பிச்சு கச்சான் கிளம்புறதுக்குள்ள முடிங்க. கான்கிரீட்டுன்னா குடிக்கிற தண்ணியிலதான் கலக்கணும், நனைக்கவும் அதே தண்ணிதான், இங்கதான் எல்லாரும் ஏமாத்துவாங்க, கலக்குறதுக்கு லாரித் தண்ணி, நனைக்கிறதுக்கு போர் தண்ணி. 14 நாள் உப்புத் தண்ணியில ஊற வச்சா மறுபடி பழைய கதைதான். மணலுக்குப் பதிலா எம்சாண்டு. கம்பியை வாங்கி மாசக்கணக்கா கொல்லையில போட்டு வைக்காம வேலைக்கு முந்தின வாரம் இறக்குங்க. எங்க பழைய தளத்துல கம்பிக்கு அடியில ஜல்லிச் சில்லுதான் முட்டு, கான்கிரீட் மூடுனது ஒரு விரல் தடிமன்கூட இல்ல. ஐஎஸ் 456 கடுமையான சூழலுக்கு 45 எம்எம் கேக்குது, எம்30-ங்கிற பலம் கூடுன கலவை கேக்குது. அதை இன்ஜினியர்கிட்ட எழுதி வாங்கிட்டு, கவர் பிளாக்கை (கம்பியைத் தூக்கிப் புடிக்க அடியில வைக்கிற கட்டை) கான்கிரீட் ஊத்துற அன்னைக்குக் காலையில நீங்களே ஸ்கேலால அளங்க.

எங்க அடுப்படிக்கு இப்ப ஆறு ஜாக்கி நிக்குது. அம்மா அடுப்பை முன்பக்கம் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்துக்கு மாத்திருச்சு, புது தளம் போட்டாலும் திரும்ப உள்ள வரமாட்டேன், இங்கதான் காத்து நல்லா வருதுங்குது.